தேங்காய் குழம்பில் இருக்கட்டும், காலைக் கரண்டியில் வேண்டாம்

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 54 வயது. போன ஆண்டு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மேசைக்கரண்டி வெர்ஜின் தேங்காய் எண்ணெய் குடிக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொலியைப் பார்த்து ஆரம்பித்தார். தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும், கேரளாவில் இதய நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பசிபிக் தீவுக்காரர்கள் தேங்காயிலேயே வாழ்ந்தும் மாரடைப்பு வரவில்லை, நம் முன்னோர்களும் இதைத்தான் சாப்பிட்டார்கள் என்று அதில் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகு 1.7 இருந்த எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் இப்போது 2.6 ஆகிவிட்டது. எடையும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. எண்ணெய் குடிப்பதை டாக்டரிடம் இவர் சொல்லவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் கால் வலிக்கிறது என்று அடிக்கடி அலுத்துக்கொள்கிறார், ஆனால் விடவில்லை என்கிறார். என் மாமியாரோ, நான் வாரத்தில் இரண்டு நாள் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார். சமையலில் தேங்காயையே நிறுத்திவிடட்டுமா? வீட்டில் இன்னும் இரண்டு போத்தல் எண்ணெய் இருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவரை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கும் நேரத்தில், அதற்குக் காரணமே உங்கள் கைச்சமையல்தான் என்ற பேச்சையும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தச் சுமையை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். உங்கள் குழம்பு அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோதும் இருந்தது, எல்டிஎல் 1.7 என்று நல்லபடியாக இறங்கியபோதும் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் வீட்டுக்குள் புதிதாக வந்தது அந்த எண்ணெய் போத்தல். வேறொன்றும் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மூன்று மேசைக்கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்புதான். வெண்ணெயில்கூட இவ்வளவு கிடையாது. ஆக, காலைப் பசியாறுமுன்பே 33, 34 கிராம் நிறைவுற்ற கொழுப்பு அவர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 22 கிராம். இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு வந்தவர் அதற்கும் கீழே நிற்க வேண்டும். உங்கள் கணவர் ஒன்றரை நாள் கணக்கை விடியற்காலையிலேயே முடித்துவிட்டுத்தான் ரொட்டி சானாய் சாப்பிட உட்காருகிறார். கலோரியும் சும்மா போகாது. 350 கலோரி என்பது ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்கும் மேல். அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

இதே அளவை உங்கள் அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன். கடையில் வாங்கும் 200 மில்லி சந்தான், அதாவது தேங்காய்ப்பால் பெட்டி இருக்கிறதே, அதில் இருக்கும் கொழுப்பும் அவர் குடிக்கும் மூன்று கரண்டியும் ஏறக்குறைய ஒன்று. நீங்கள் அந்தப் பெட்டியை ஒரு சட்டிக் குழம்பில் ஊற்றி ஐந்து பேருக்குப் பரிமாறுகிறீர்கள், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். அவர் தினமும் ஒரு பெட்டியைத் தனியாகக் குடிக்கிறார். மாமியாரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். அளவு கண்ணுக்குத் தெரிந்தால் வாதம் குறையும்.

நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை எப்படி ஏற்றுகிறது என்பது, தினமும் ஃபெரித்துறையைப் பார்க்கும் உங்களுக்கு எளிதில் புரியும். எல்டிஎல் என்பது இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு மிதக்கும் படகு. அது கரையொதுங்கிச் சரக்கை இறக்க வேண்டிய துறைகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு கூடக்கூட அந்தத் துறைகள் குறைகின்றன. துறை கிடைக்காத படகு இரத்தத்திலேயே சுற்றும், நாளடைவில் குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியும். அவர் சாப்பிடும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை இதற்கு நேரெதிரான வேலையைச் செய்கிறது, கல்லீரலைப் புதிய துறைகள் திறக்க வைக்கிறது. இரவில் மாத்திரை திறந்த துறையைக் காலையில் எண்ணெய் மூடுகிறது.

இனி அந்தக் காணொலி. அதில் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி உண்மை இருப்பதால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

கேரள ஆய்வு நடந்தது உண்மை, 2016-இல் வெளியானது. இதய நோய் உள்ள 200 பேரில் ஒரு பாதியினர் தேங்காய் எண்ணெயிலும் மறுபாதியினர் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டு ஆண்டு சமைத்துச் சாப்பிட்டார்கள். கொலஸ்ட்ராலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் ஸ்டாட்டின் உட்பட முழு மருத்துவம் எடுத்துக்கொண்டவர்கள். எண்ணெய் அவர்களுக்குத் தாளிக்கவும் பொரிக்கவும்தான், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கரண்டியில் ஊற்றிக் குடிக்க இல்லை. மாரடைப்பு கூடுமா குறையுமா என்று தீர்ப்புச் சொல்ல 200 பேர் போதவும் மாட்டார்கள். மாத்திரையோடு இருப்பவர் அளவாகச் சமைத்தால் பெரிய கேடு தெரியவில்லை என்பதுவரைதான் அந்த ஆய்வு நம்மை அழைத்துப் போகும். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு மருந்து என்று அது எங்கும் சொல்லவில்லை.

தீவுக்காரர் கதையும் உண்மைதான். டோக்கெலாவ், புகாபுகா என்ற இரண்டு பசிபிக் தீவுகளைப் பற்றிய ஆய்வு 1981-இல் வந்தது. டோக்கெலாவ் மக்களுக்குக் கிடைத்த ஆற்றலில் 63 விழுக்காடு தேங்காயிலிருந்து, புகாபுகாவில் 34 விழுக்காடு. இரண்டு இடத்திலும் இரத்தக்குழாய் நோய் அரிதாகவே இருந்தது. காணொலிக்காரர் இங்கே நிறுத்திக்கொள்வார். தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலாவ் மக்களுக்குக் கொலஸ்ட்ராலும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. அவர்கள் தேங்காயை நாரோடு மென்று தின்றவர்கள். கடல் மீன் உண்டவர்கள், சர்க்கரையை அதிகம் காணாதவர்கள். நம் வாழ்க்கை அப்படியா இருக்கிறது? கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக், காரிலேயே போய்க் காரிலேயே வரும் நாள், மலேசியாவின் பெரிய இனங்களில் நீரிழிவு அதிகமாக இருக்கும் இனம் என்ற நிலை. தீவுக்காரரின் தேங்காயை மட்டும் கடன் வாங்கினால் அவருடைய இதயம் நமக்கு வந்துவிடாது.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நம் நாட்டிலேயே 83 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1991-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள், சமைக்கும் எண்ணெய் மட்டும் மாறியது. தேங்காய் எண்ணெயில் சமைத்த ஐந்து வாரத்திலேயே மொத்தக் கொலஸ்ட்ரால் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. செம்பனை எண்ணெய்க்கோ சோள எண்ணெய்க்கோ மாறியவர்களுக்கு அது இறங்கியது. மலேசியர் உடம்பில், மலேசியச் சாப்பாட்டில் பார்த்த முடிவு இது. யாரும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

2020-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 16 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. நம் ஊர் அறிக்கையில் வரும் மில்லிமோல் கணக்கில் சுமார் 0.27. இதற்கு மாறான ஆய்வும் உண்டு, மறைக்க மாட்டேன். 2018-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில் 50 கிராம் வெர்ஜின் தேங்காய் எண்ணெயை நான்கு வாரம் தினமும் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடக் கூடவில்லை. அவர்கள் இதய நோய் இல்லாதவர்கள், பார்த்ததும் ஒரே மாதம். ஓர் ஆய்வு ஒரு பக்கமும் பல ஆய்வுகள் மறுபக்கமும் நிற்கும்போது, ஸ்டென்ட் வைத்த மனிதரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் கொஞ்சம் ஏறுவதும் உண்மையே. ஆனால் அது ஏறினால் இதயத்துக்குக் காவல் என்ற பழைய நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. டோர்செட்ராபிப் என்று ஒரு மருந்து வந்தது. எச்டிஎல்லை 70 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றியது. அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். ஏறும் எச்டிஎல்லைக் காட்டி ஏறும் எல்டிஎல்லுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

முன்னோர் பேச்சுக்கு வருகிறேன், இது எனக்கு நெருக்கமான பேச்சு. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் போகும் வழியெல்லாம் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைக்கும் பினாங்கில் இருந்துகொண்டு தேங்காயைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் நம் மொழியையே கேட்டுப் பாருங்கள். எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். தமிழர் வீட்டில் எண்ணெய் என்ற பெயரே எள்ளுக்குப் பிறந்தது. அதையே நல்லெண்ணெய் என்றும் சொன்னார்கள். மலையாளக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் குமரிப் பக்கத்திலும் தேங்காய் எண்ணெயில் சமைத்தார்கள். தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் அது பெரும்பாலும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்தான். நான் சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். இருட்டு விலகுமுன் பால்மரம் வெட்டப் போய், மதியம்வரை மேடு பள்ளம் ஏறி இறங்கி வருவார் என் அம்மா. எட்டுப் பேருக்கு ஒரு மூடித் தேங்காய் துருவினால் அன்று விருந்து. யாரும் வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்ததை நான் கண்டதில்லை. முன்னோர் பெயரைச் சொல்லி அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்கிறோம்.

"எம்சிடி", அதாவது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு என்ற சொல்லும் அந்தக் காணொலியில் வந்திருக்கும். உடனே எரிந்துவிடும், உடலில் படியாது என்பார்கள். அப்படிச் சொல்லும் ஆய்வுகளில் பயன்பட்டது தனியாகப் பிரித்தெடுத்த எம்சிடி எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவு லாரிக் அமிலம். பெயருக்கு அதையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தாலும், உடலுக்குள் அதன் பெரும்பங்கு மற்றக் கொழுப்புகள் போகும் வழியில்தான் போகிறது.

இப்போது நான் சொன்ன சந்தேகம். இந்தக் கடிதத்தில் நீங்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டிய இடம் இது.

ஆய்வுகளில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏற்றிய சராசரி 0.27. உங்கள் கணவருக்கு ஏறியிருப்பது 0.9. ஆளுக்கு ஆள் வேறுபடும், அவர் குடிக்கும் அளவும் அதிகம், எல்லாம் சரி. என்றாலும் எண்ணெய் ஒன்றே இவ்வளவும் செய்திருக்குமா என்று என் அனுபவம் கேட்கிறது. கால் வலிக்கிறது என்று சொல்லும் ஒருவர், எண்ணெய்தான் இயற்கை மருந்து என்று நம்பத் தொடங்கிய ஒருவர், மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்திருக்கலாம். ஸ்டாட்டினை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய இடத்துக்குப் போய்விடும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பாருங்கள், மருந்து வாங்கிய தேதியோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கோபம் வேண்டாம். "கால் வலி எவ்வளவு இருக்கிறது, எப்போது வருகிறது" என்று கேளுங்கள். அந்த வலி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெட்டிமைப் என்ற மாத்திரையைத் துணைக்குச் சேர்க்கலாம். வழி நிறைய இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடுவதற்குத்தான் வழி இல்லை.

என் பெரியப்பாவும் இப்படித்தான் செய்தார். பக்கத்து வீட்டில் யாரோ ஒரு கஷாயத்தைச் சொன்னார்கள். உடம்பு தெளிவாக இருக்கிறது என்று மாத்திரையை டின்னில் போட்டு வைத்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது மாரடைப்புக்குப் பிறகு அலமாரியைத் துடைத்தபோதுதான் அந்த டின் எங்கள் கைக்குக் கிடைத்தது. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். இன்றும் ஒவ்வொரு நோயாளியிடமும் "மாத்திரை மிச்சம் இருக்கிறதா" என்று நான் கேட்பது அதனால்தான்.

ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அவற்றை நிறுத்துவது கொலஸ்ட்ரால் மாத்திரையை விடுவதைவிட உடனடி ஆபத்து.

ஆகவே இன்றே காலை எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள், நான்கு மாதம் குடித்ததை அவர் வாயாலேயே சொல்லட்டும். அது தெரியாமல் 2.6-ஐப் பார்க்கும் டாக்டர் மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டிவிடக்கூடும். எண்ணெய் இல்லாமல், மாத்திரை தவறாமல் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவரைப் போன்றவர்களுக்கு எல்டிஎல் 1.4-க்குக் கீழே வர வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல், அதனால் பழைய 1.7-ம் முழு வெற்றி என்று இருந்துவிட முடியாது. அப்படியும் இறங்காவிட்டால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது மந்தமானாலும் கொலஸ்ட்ரால் ஏறும்.

சமையலில் தேங்காயை நிறுத்தட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் குழம்பை ஒரு நாளாக்குங்கள். சந்தையில் துருவி வாங்கும் தேங்காய்ப்பூவை நீங்களே பிழிந்தால் முதல் பாலைக் கொஞ்சமாக எடுத்து, இரண்டாம் பாலில் குழம்பைக் கொதிக்க விடலாம். மணம் கெடாது. இன்னொரு நாள் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனைப் புளிக்குழம்பு வையுங்கள். அந்த மீனின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது, விலையும் கைக்கு அடக்கம். கோழிக்குத் தயிரோ கசகசாவோ அரைத்து விட்டால் குழம்பு கெட்டிப்படும். இட்லிச் சட்னியில் பாதித் தேங்காய், பாதிப் பொட்டுக்கடலை போதும். வெளியில் சாப்பிட்டால் கறி மீக்குப் பதிலாக நம் ஊர் அசாம் லக்சா, அதில் சந்தான் கிடையாது. உப்பு அதிகம் என்பதால் சாற்றை முழுதும் குடிக்க வேண்டாம். நாசி லெமாக்கையும் செண்டோலையும் வாழ்க்கையிலிருந்து துரத்தச் சொல்ல மாட்டேன், மாதத்தில் ஒரு நாள் வந்து போகட்டும்.

சமைக்கும் எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். 2.50 வெள்ளிக்குக் கிடைக்கும் பாக்கெட் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயைவிட நல்லது, மற்றவற்றைவிடச் சுமார். அவருடைய சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கனோலா இவற்றில் வசதிப்பட்டதை வாங்குங்கள். முதல் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு 20 விழுக்காட்டுக்குள், கனோலாவில் 7 விழுக்காடுதான். எதுவானாலும் அளந்து ஊற்றுங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்று கடன்பட வேண்டியதில்லை. குறைத்த கொழுப்புக்கு ஈடாகச் சோற்றையும் இனிப்பையும் கூட்டிவிட்டால் மட்டும் செய்ததெல்லாம் வீணாகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனையில்தான் அவரைப் பார்க்கிறார்கள் என்றால் அங்குள்ள உணவியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். சட்டியில் கை வைக்கும் எல்லாரும் ஒரே சொல்லைக் கேட்பது நல்லது.

அந்த இரண்டு போத்தலைத் தூக்கி எறிய வேண்டாம். வெர்ஜின் எண்ணெய் முடிக்கும் வறண்ட தோலுக்கும் நன்றாக இருக்கும். சமையலறை அலமாரியிலிருந்து எடுத்துக் குளியலறையில் வையுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தலையிலும் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள். கால் வலியைப் பற்றிப் பேச்செடுக்க அது நல்ல நேரம்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்